ஆமணக்கு இலைக் கொடி

என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். நம்மில் பாதிப் பேருடைய பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மீதிப் பேருடைய பிள்ளைகள் அங்கே போவதற்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நாம் முதலியார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பத்து தடவை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கனடாவிலிருந்து என் மகள் பேசினாள். அங்கே நர்ஸ் வேலை பார்க்கிறாள். "அம்மா, எனக்குக் குடியுரிமை குடுத்துட்டாங்க. வர்ற வியாழக்கிழமை உறுதிமொழி எடுக்கணும். அப்புறம் இந்தியா பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்துடணும்" என்றாள். சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். பேசப் பேசக் குரல் இறங்கிவிட்டது. "அப்ப நான் யாரும்மா? யாருன்னா கேட்டா இன்னான்னு சொல்றது?"

கவலைப்படுவதில் நான் கெட்டிக்காரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். வேறு எதிலும் பட்டம் இல்லை, கவலையில் மட்டும் உண்டு. அடுப்பை அணைத்தேனா என்று பஸ் நிறுத்தம் வரை போனவள் திரும்பி வந்து பார்ப்பேன். அணைத்துத்தான் இருக்கும். பூட்டைப் பூட்டினேனா என்று மறுபடி திரும்புவேன். ஆனால் மகள் கேட்ட அந்தக் கேள்வி எனக்குக் கவலை தரவில்லை. சிரிப்புதான் வந்தது. பதினோரு வயதில் அதே கேள்வியை என்னிடம் ஊரே கேட்டது. பதில் சொன்னேன். சொல்லி ஜெயித்தும் விட்டேன்.

அந்த ஒரு கோடை விடுமுறையைத்தான் எழுதப்போகிறேன்.

எங்கள் வீடு ஒரே வீடாகக் கட்டிய வீடு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது பிரெஞ்சுக்காரர்கள் ஊரைச் சட்டப்படி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிரான்சு நாட்டுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுக்காதவர்கள் இந்தியர். என் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். அவர் எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே வழுக்கை, ஒரே கோபம். அந்த ஆறு மாதத்தில் என்னென்ன பேசிக்கொண்டார்களோ, ஏழாவது மாதம் கூடத்தின் நடுவே ஒரு சுவர் எழும்பிவிட்டது.

சுவர் கிணற்றையும் விடவில்லை. கிணற்றின் குறுக்கே கருங்கல் போட்டு அதன்மேலும் கட்டினார்கள். இந்தப் பாதியில் நாங்கள் இறைப்போம், அந்தப் பாதியில் அவர்கள் இறைப்பார்கள். அடியில் தண்ணீர் மட்டும் ஒன்றாகவே கிடந்தது. அதை எப்படிப் பிரிப்பது என்று கொத்தனாருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

பெரியப்பாவுக்கு ஒரு மகள். என்னைவிட இரண்டு வயது பெரியவள், எனக்கு அக்கா. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தாள். தெருவில் எதிரே வந்தால் என் அம்மா என் தலையைத் திருப்பிவிடுவாள். ஆனால் கிணறு இருந்ததே! சாயங்காலம் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் இருவரும் கைப்பிடிச் சுவரில் குனிந்து கீழே பார்த்துப் பேசுவோம். குரல் தண்ணீரில் பட்டு அந்தப் பக்கம் ஏறிப்போகும். பாசி வாசனையோடு, ஈரமாக, கொஞ்சம் ஆண்பிள்ளைக் குரல் மாதிரி வரும். அவள் முகத்தை நான் தண்ணீரில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோடையில் ஒருநாள் கிணற்றிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏய், ஆடி மாசம் நாங்க பிரான்சு போறோம்."

"எப்ப வருவீங்க?"

"வர்றதுக்கு இன்னா இருக்கு? மொத்தமாப் போறோம்."

என் கையிலிருந்து கயிறு நழுவி வாளி உள்ளே போய்விட்டது. அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி வேறு கதை. அந்த வாளி இன்னும் அங்கேயேதான் கிடக்கும்.

"பக்கத்துல பக்கத்துல ஒருவாட்டி கூட நாம நின்னது இல்லடி" என்றாள் அக்கா. "போறதுக்குள்ள ஒரே ஒருவாட்டி, எல்லாரும் பாக்கற மாதிரி நிக்கணும்."

எனக்கும் ஆசைதான். கூடவே பயமும் வந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால்?

*

அதே வாரம் எங்கள் எதிர்வீட்டு மாடிக்குக் குடி வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வீட்டுத் தரகர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்: "கன்னடக்காரங்க வர்றாங்க. சுத்த சைவமா இருப்பாங்க. கிராமங்களுக்கு போர்க் கெணறு போட்டுக் குடுக்கற கம்பெனியில இஞ்சினீராம்." மாடியைக் கழுவி வாசலில் கோலமும் போட்டிருந்தாள்.

வாடகைக் காரிலிருந்து முதலில் இறங்கியவர் உயரமான ஆள், தலைப்பாகை, தாடி.

"மைசூர் பக்கம் தலப்பா கட்டுவாங்க, சரிதான்" என்றாள் எதிர்வீட்டு அம்மா.

அடுத்து இறங்கியவள் செம்பட்டை முடி வெள்ளைக்காரி. எதிர்வீட்டு அம்மா கொஞ்சம் யோசித்தாள். "குடகுல நல்ல செவப்பா இருப்பாங்க."

மூன்றாவதாக என் வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். அப்பாவின் கண், அம்மாவின் முடி, மூக்கெல்லாம் புள்ளி புள்ளியாக மச்சம். கையில் ஒரு டப்பா டின் மீன் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எதிர்வீட்டு அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

கனடா வேறு, கன்னடம் வேறு என்று தெரு தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. சிலருக்குக் கடைசி வரை தெரியவே இல்லை. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த அம்மாளை எல்லோரும் 'மதாம்' என்றோம். அவள் வீட்டில் பேசியது பிரெஞ்சு. எங்கள் தெருவின் பெரிய சொல்தா ஒருவர், மெடல் குத்திய கோட்டோடு மரியாதைக்குப் பார்க்கப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். "அது பிரான்செ இல்ல. மாட்டுவண்டி பிரான்செ. ஒவ்வொரு வார்த்தையும் கடகடன்னு உருளுது."

அக்கா இதை மதாமிடம் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டாள். மதாம் கோபித்துக்கொள்ளவில்லை. "முந்நூறு வருஷமா இந்த வண்டியில ஏறித்தான் நாங்க பனியத் தாண்டி வந்துகிட்டிருக்கோம், இன்னும் அச்சு முறியலன்னு அவர்கிட்ட சொல்லு" என்றாளாம்.

தலைப்பாகைக்காரர் பஞ்சாபைப் பார்த்ததே இல்லை. அவருடைய தாத்தா மரம் அறுக்கக் கப்பலேறிப் போனவர். இவர் அங்கேயே பிறந்தவர். "சொந்த ஊரு எது?" என்று என் அப்பா வாசலில் நின்று கேட்டார். அவர் ஒரு மரப்பட்டறை ஊரின் பெயரைச் சொன்னார். "அது சரி, சொந்த ஊரு?" என்று அப்பா மறுபடி கேட்டார். அவர் மறுபடி அதையே சொன்னார். வீட்டுக்குள் வந்து அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பாவம், நாடே இல்லாத ஜனம். தாத்தன் ஒரு தேசம், பொண்டாட்டி ஒரு பாஷை. புள்ள எதுல சேத்தி?" அம்மா உச்சுக் கொட்டினாள். அந்தப் பெண்ணுக்காக நானும் ரெண்டு நாள் கவலைப்பட்டேன்.

*

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொதுவாகப் போய் நிற்க இருந்த ஒரே இடம் அந்த மாடிதான். அக்கா பிரெஞ்சு பேசப் பழகுகிறேன் என்று போவாள். நான் இங்கிலீஷ் படிக்கிறேன் என்று போவேன். அங்கே நாங்கள் சந்திப்பது இரண்டு வீட்டுக்கும் தெரியாது.

அங்கே ஒரு தகர டப்பாவில் அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடப் போட்டோ இருந்தது. முப்பது பிள்ளைகள் மூன்று வரிசையில் நின்றார்கள். நான் அப்படி ஒரு போட்டோவைப் பார்த்ததே இல்லை. எங்கள் வகுப்புப் போட்டோவில் எல்லோரும் அண்ணன் தம்பி மாதிரி இருப்போம். இதில் ஒரு முகம் மாதிரி இன்னொரு முகம் இல்லை.

"இதுல யாரு கனடா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்தாள். "நீயே கண்டுபிடி."

வைக்கோல் நிற முடி வைத்த பையனைக் காட்டினேன். அவன் மூன்று வருஷம் முன்னால்தான் அப்பா அம்மாவோடு போலந்து தேசத்திலிருந்து வந்தவனாம். கறுப்பாக, பல் தெரியச் சிரித்த பெண்ணைக் காட்டி, "இவ நம்ம ஊரா?" என்றேன். அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே அங்கே இருக்கிறார்களாம். சீனத்துப் பெண் என்று ஒருத்தியைக் காட்டினேன். நேரான கறுப்பு முடி, சின்னக் கண், ஓரத்தில் நின்றிருந்தாள்.

"அவ சீனா இல்ல" என்றாள் அந்தப் பெண், சிரிப்பை நிறுத்திவிட்டு. "எல்லாருக்கும் முன்னாடி அங்க இருந்தது அவங்க ஜனந்தான். ஆனா டீச்சர் எப்பவும் அவள ஓரத்துலதான் நிக்க வெப்பாங்க."

அக்கா மொழிபெயர்த்து முடித்ததும் மூவரும் கொஞ்ச நேரம் அந்த ஓரத்துப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப கனடாக்காரங்கன்னா யாரு?" என்றேன். எனக்கு எதையும் பாதியில் விட முடியாது.

அடுப்படியிலிருந்து மதாம் பதில் சொன்னாள். பனி கொட்டினால் அவரவர் வாசல் பனியை அவரவர் வாரித் தள்ள வேண்டுமாம். புதிதாக வந்தவன் பக்கத்து வீட்டு வாசலையும் சேர்த்து வாரிவிட்டால் அன்றைக்கே அவன் அந்தத் தெருக்காரன். காகிதம் அப்புறம் வருமாம்.

தலைப்பாகைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டார். "எங்க தாத்தா எத்தனையோ வாசல வாரினாரு. ஓட்டுப் போட மட்டும் அவர விடல. எங்க அப்பா காலத்துலதான் கெடச்சது. கேட்டுகிட்டே இருந்து வாங்கினோம்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்கோ பாப்பா. வாசலும் வாரணும், கேக்கவும் கேக்கணும்."

எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

*

எங்கள் தெருக்கோடி வேப்பமரத் திடலில் வருஷா வருஷம் பெத்தாங் பந்தயம் நடக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஆட்டம். ஒரு சின்ன மரக்குண்டைத் தூர எறிவார்கள். இரும்புக் குண்டுகளை அதன் பக்கத்தில் யார் நெருக்கமாகக் கொண்டு போகிறார்கள் என்பதே போட்டி. அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு இரண்டு குண்டு, பதின்மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. மரக்குண்டுக்குப் பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்று பெயராம். நாங்கள் வெறுமனே 'குட்டி' என்போம்.

முந்தின வருஷம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கலந்து ஆடி, தோற்றதும் "உன்னாலதான்" என்று மண்டை உடைந்துவிட்டது. அதனால் அந்த வருஷம் சிறுவர் பந்தயத்துக்குப் புது விதி போட்டார்கள்: ஓர் அணி, ஒரு நாடு. பந்தயத்தை நடத்தியவர்கள் இருவர். ஒருவர் மெடல் போட்ட அந்தப் பெரிய சொல்தா. மற்றவர் தாலுக்கா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற கிளார்க்கு சார். அவர் பிரான்சுப் பக்கம், இவர் இந்தியாப் பக்கம்.

அப்படியென்றால் நானும் அக்காவும் ஒரு அணியில் நிற்கவே முடியாது. கிணற்றடியில் அழுதுவிட்டேன். கிணறு அதைப் பெரிதாக்கி அந்தப் பக்கம் அனுப்பியது.

"அழாதடி" என்றது அக்காவின் குரல். "நாடு ரெண்டுதான்னு யாரு சொன்னா?"

மறுநாள் மதாம் எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனாள்.

"பொட்டப் புள்ளைங்களா?" என்றார் கிளார்க்கு சார்.

"பொட்டப் புள்ளைங்க ஆடக்கூடாதுன்னு விதியில இல்லியே" என்றாள் அக்கா.

"எந்த நாடு?" என்றார் சொல்தா.

"கனடா" என்றாள் மதாம், அவளுடைய மாட்டுவண்டிப் பிரெஞ்சில்.

சொல்தாவின் முகம் மலர்ந்தது. "அங்க பிரான்செ பேசறவங்கதான். நம்ம ஆளுங்க. எழுதுங்க சார்."

கிளார்க்கு சாரின் முகமும் மலர்ந்தது. "கன்னடமா? மைசூர் பக்கம். நம்ம தேசந்தான். எழுதிட்டேன்."

இருவரும் தங்களுக்கு ஒரு அணி கூடியதாக ஒருவரை ஒருவர் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டார்கள். நோட்டில் நான் தலைகீழாகப் படித்தேன்: 'கன்னட அணி'. தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா தொடையில் கிள்ளினாள். "வாய மூடு, ஜெயிச்சிட்டு வந்து திருத்திக்கலாம்."

*

கனடாவுக்குக் கொடி வேண்டுமே. அந்தப் பெண்ணின் சட்டையில் குத்தியிருந்த ஊசியில் சின்னதாகச் சிவப்பு இலை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும், "இது ஆமணக்கு இலையாச்சே" என்றேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் கொள்ளையாக முளைத்துக் கிடந்தது. நல்ல அகல இலையாகப் பறித்து வந்தேன். வாசலில் கோலத்துக்குப் பூசும் காவிக்கட்டியைக் கரைத்து இலையில் தடவி, மதாமின் வெள்ளைத் தலையணை உறையில் வைத்து அழுத்தினோம். நரம்பு நரம்பாக விழுந்தது. ஈரக் காவி வாசனை, மழைக்கு முன்னால் மண் வாசனை மாதிரி.

அந்தப் பெண் முனைகளை எண்ணிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "பதினொண்ணு இருக்கணும். இதுல எட்டுதான் இருக்கு."

மதாம் தள்ளி நின்று பார்த்தாள். "அந்த வகுப்புப் போட்டோவுல யாராவது ஒருத்தர மாதிரி ஒருத்தர் இருக்காங்களா? இதுவும் சேந்துக்கட்டும்."

இரும்புக் குண்டுகள் பெரியப்பாவுடையவை. அவர் பரணில் வைத்திருந்த பழைய பெட்டியிலிருந்து அக்கா பாவாடையில் சுற்றிக் கொண்டுவந்தாள். துரு வாசனை கையை விட்டுப் போகவே போகாது. பதினைந்து நாள் எதிர்வீட்டுக் கொல்லையில் பழகினோம். அக்கா தூக்கி அடிப்பதில் கெட்டி. எதிரி குண்டு எங்கே இருந்தாலும் 'டங்' என்று பறக்கும். அந்தப் பெண் எதற்கும் பதறமாட்டாள். நான் உருட்டுவேன். உருட்டுவதற்கு முன் ஒவ்வொரு கல்லாகப் பார்ப்பேன். இங்கே மேடு இருக்கிறதே, அங்கே வேப்பங்கொட்டை கிடக்கிறதே, இதில் பட்டு அப்படிப் போய்விட்டால்? கவலைப்பட்டுக் கவலைப்பட்டு உருட்டினால் குண்டு நேராகப் போய் குட்டியை முத்தமிடும். என் வாழ்க்கையில் என் கவலை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்த ஒரே இடம் அதுதான்.

*

பந்தயத்தன்று இரண்டு அணிகளை வரிசையாகத் தோற்கடித்தோம். முதலில் சிரித்த கூட்டம் இரண்டாவது ஆட்டத்தில் கைதட்டியது. "கன்னடம்! கன்னடம்!" என்று கத்தியது. கடைசி ஆட்டம் பிரான்சு அணியோடு. மூன்று பேரும் மீசை அரும்பிய பையன்கள்.

அப்போதுதான் மூங்கிலில் எங்கள் கொடியைக் கட்டினோம். சொல்தா கொடியைப் பார்த்தார். கிளார்க்கு சாரும் பார்த்தார்.

"இது கன்னடக் கொடி இல்லியே" என்றார் இவர்.

"பிரான்சும் இல்லியே" என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்துத் திடலின் ஒரு பக்கத்திலிருந்து என் அப்பா வந்தார். மறுபக்கத்திலிருந்து பெரியப்பா வந்தார். யாரோ இரண்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். இருவரும் ஒரே வேகத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பத்து வருஷத்தில் முதல் தடவை. அவர்கள் அதைக் கவனிக்கவில்லை, நாங்கள் கவனித்தோம்.

"அது என் குண்டுடி!" என்று கத்தினார் பெரியப்பா.

"இவ என் பொண்ணு. இவ இந்தியா" என்றார் அப்பா. "அவ பிரான்சு. எந்த ஊரு கணக்குல ரெண்டு பேரும் கனடா? வாடி வீட்டுக்கு!"

  அக்கா என் கையைப் பிடித்தாள். இந்தப் பக்கம் அந்தப் பெண் பிடித்தாள். எல்லோரும் பார்க்க, பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அக்கா கேட்டது இதைத்தான். இதை விட்டால் ஆடியில் அவள் போய்விடுவாள்.

"அப்பா" என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "பெரியப்பா எழுதிக் குடுத்து பிரான்சு ஆனாரு. நீங்க எழுதிக் குடுக்காம இந்தியா ஆனீங்க. ஆறு மாசத்துல ஒரே வீட்டுல ரெண்டு நாடு வந்துச்சில்ல? நாங்களும் நோட்டுல எழுதிக் குடுத்துட்டோம்பா. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாடு. சாயங்காலம் வரைக்கும்னா இருக்க விடுங்க."

 கூட்டம் பந்தயம் நடத்திய இருவரையும் திரும்பிப் பார்த்தது.

கிளார்க்கு சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "விதி இன்னா சொல்லுது? ஓர் அணி, ஒரு நாடு. எந்த நாடுன்னு விதி சொல்லல."

"பேரு பதிஞ்சாச்சி" என்றார் சொல்தா. "ஆடட்டும்."

 அப்பா வீட்டுக்குப் போகவில்லை, கூட்டத்தின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

பன்னிரண்டு, பன்னிரண்டு. கடைசிச் சுற்று. அவர்களுடைய ஒரு குண்டு குட்டிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தது. அக்கா தூக்கி அடித்தாள், தவறிவிட்டது. மிச்சம் என் கையில் ஒரே குண்டு. அன்றைக்கு நான் கவலைப்பட்ட மாதிரி என்றைக்கும் கவலைப்பட்டதில்லை. மேட்டைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன், காய்ந்த இலையைப் பார்த்தேன். கொடியையும் ஒருதரம் பார்த்துக்கொண்டு உருட்டினேன். குண்டு மேட்டில் ஏறி, யோசித்து, இறங்கி, குட்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றது.

எது நெருக்கம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து கத்தியது. சொல்தா அளந்தால் பிரான்சுக்குச் சாதகம் என்பார்கள், கிளார்க்கு சார் அளந்தால் தப்பு என்பார்கள். பூக்காரம்மாவிடம் பூக்கட்டும் நூல் வாங்கினார்கள். "இந்தியா ஒருத்தர் ஒரு முனையப் புடிங்க, பிரான்சு ஒருத்தர் ஒரு முனையப் புடிங்க" என்றார் கிளார்க்கு சார். முன்னால் நின்றவர்கள் அப்பாவும் பெரியப்பாவும்தான்.

இருவரும் மண்ணில் மண்டியிட்டார்கள். ஒரே வழுக்கை இரண்டு, பக்கத்தில் பக்கத்தில்.

"இழுக்காத" என்றார் பெரியப்பா.

"நீதான் இழுக்கற" என்றார் அப்பா.

"லூசா வுடுறா."

"வுட்டாச்சி. நீ முனைய ஒழுங்காப் புடி, கண்ணு தெரியலியா உனக்கு?"

"தெரியுதுடா, நெகக்கண்ணு அளவு கம்மி."

"யாருது?"

பெரியப்பா நிமிர்ந்து எங்கள் மூவரையும் பார்த்தார். "கனடாவுது."

அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. காக்கைகள் வேப்பமரத்தை விட்டுப் பறந்தன. மதாம் மாட்டுவண்டிப் பிரெஞ்சில் என்னவோ கத்தினாள். தலைப்பாகைக்காரர் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்ணை அடித்து ஆடினார். அக்கா என் கையை விடவே இல்லை. பிரான்சுப் பையன்கள் கூட முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா மட்டும் பக்கத்திலிருந்தவளிடம், "நான் அப்பவே சொன்னேனே, கன்னடக்காரங்க கெட்டிக்காரங்க" என்றாளாம்.

*

சுவர் இடிந்துவிடவில்லை. கதையில்தான் இடியும். கிணற்றுச் சுவரில் மட்டும் நாலு செங்கல்லை எடுத்தார்கள், ஒரு சொம்பு போய்வரும் அளவுக்கு. ஆடியில் பெரியப்பா புறப்பட்டபோது பெரிய டிரங்குப் பெட்டியை ஸ்டேஷன் வரை அப்பாதான் தலையில் சுமந்தார்.

அப்பாவை நாங்கள் கோபக்காரர் என்றே நினைத்திருந்தோம். என் வயதுக்கு இப்போது தெரிகிறது, அவரும் என்னைப் போலப் பயந்தவர்தான். அண்ணன் ஒருநாள் கப்பலேறிவிடுவார் என்று பத்து வருஷம் முன்னாலேயே பயந்து, தானே முந்திக்கொண்டு சுவரைக் கட்டிவிட்டார். நாடே இல்லாத ஜனம் என்று அவர் சொன்னவர்கள்தான் அவருக்கு அண்ணனை ஒரு சாயங்காலத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கொடி இப்போது இல்லை. மதாம் எனக்கே கொடுத்துவிட்ட அந்தத் தலையணை உறையை அம்மா துவைத்துவிட்டாள். காவிதானே, கரைந்துவிட்டது. கொஞ்ச நாள் ரோஜா நிறத்தில் ஒரு கறை இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. குட்டி எங்கே உருண்டதோ தெரியாது. அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி. பிரான்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். அந்தக் கனடாப் பெண் வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை போடுகிறாள், அவளுக்குப் பேத்திகள் இருக்கிறார்கள்.

ஆனால் பரிசு இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். பாத்திரக் கடையில் கிளார்க்கு சாரின் நோட்டைப் பார்த்துப் பெயர் வெட்டிக் கொடுத்தார்கள். ஜெயித்த பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னாளே, யாரும் திருத்தவில்லை. இன்று வரை அதில்தான் காப்பி குடிக்கிறேன்.

போன வியாழக்கிழமை மகள் வீடியோவில் காட்டினாள். ஒரு பெரிய கூடம். பர்தா போட்ட ஒரு அம்மாள், தலைப்பாகையோடு ஒரு பையன், ஆப்பிரிக்கக் குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு, வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், என் மகள் பட்டுப்புடவையில். அந்தத் தகர டப்பா போட்டோவே பெரிதாகி உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் யாரையாவது நிறுத்தியிருக்கிறார்களா என்று தேடினேன், என் புத்தி அப்படி. முன் வரிசையில் இறகு சூடிய ஒரு பெரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் ஜனம்தான் முதலில் எழுந்து எல்லோரையும் வரவேற்றதாம். ஓரத்துப் பெண்ணே, நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு என்று நினைத்துக்கொண்டேன்.

வலது கையைத் தூக்கி எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். முடிந்ததும் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

"அம்மா, எழுதிக் குடுத்துட்டேன். இப்ப சொல்லு, நான் யாரு?"

நான் டம்ளரைக் கவிழ்த்துத் துடைத்து, எழுத்து தெரியும்படி போனுக்கு நேராகப் பிடித்தேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கன்னட அணி, முதல் பரிசு. இது இன்னாம்மா?"

"அது கனடாடி" என்றேன். "நம்ம வீட்டுல மொதல் கனடாக்காரி நீ இல்ல, நான்தான். பனி பெஞ்சா பக்கத்து வீட்டு வாசலையும் சேத்து வாரு. ஓரத்துல யாரையுன்னா நிக்க வெச்சா ஏன்னு கேளு. மத்ததெல்லாம் நான் கவலப்பட்டுக்கறேன்."